இன்ஷிராஹ் மோசம் என்று சொன்ன படம்

அலெக்ஸாண்ட்ரியாவின் அன்ஃபூஷியில் ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரும் பத்திரிகையைப் பார்ப்பதில்லை. இன்ஷிராஹ் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.

இன்ஷிராஹ் முடி அலங்காரம் செய்கிறவள். டிராம் திரும்பும் முனையில், மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்ச்சந்தில், இரண்டு நாற்காலி போட்ட பெண்கள் சலூன். ஒரு நாற்காலி அவளுடையது, மற்றது தவ்ஹீதாவுடையது. கடையும் இருவருக்கும் பாதிப் பாதி. வருடத்தின் கடைசி வியாழக்கிழமை மாலை, கல்யாணக் கூட்டம் முட்டி மோதும் நேரத்தில், எல்லா டிரையர்களையும் அணைக்கச் சொல்வாள் இன்ஷிராஹ். கையில் சீப்போடு நின்றபடி, அந்த வருடத்தின் மிக நல்ல படம் ஒன்று, மிக மோசமான படம் ஒன்று என்று அறிவிப்பாள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வாள். பிறகு டிரையர்கள் மறுபடி இரையத் தொடங்கும். அன்று தலையில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து சுவரோரம் நிற்போம். நல்ல படத்தைக் கேட்க அல்ல, மோசமானதைக் கேட்க.

நான் சொல்லப்போகிற வருடத்தில் அந்த மோசமான படத்தில் தவ்ஹீதாவின் புருஷன் நடித்திருந்தான்.

அலெக்ஸாண்ட்ரியாவில் முடி வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவரின் மகள் இன்ஷிராஹ், பதினாறு வயதில் தொழிலுக்கு வந்தாள். முதல் திங்கட்கிழமையே டிராம் ஏறி ரம்ல் நிலையத்துக்குப் போய்ப் படம் பார்த்தாள். அதன் பிறகு கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமனார் சாவு, முழங்கால் வலி எதுவும் அவள் திங்கட்கிழமையைத் தொட்டதில்லை. கணவன் அப்துல் மவ்ஜூத் டிராம் ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதில் அவனையும் அழைத்துப் போனாள். விளக்கு அணைந்ததும் அவன் தூங்கிவிட்டான், அதுவும் சத்தமாக. அதோடு அவனை வீட்டில் விட்டுவிட்டாள். படமே பார்க்காத அவன் காப்பிக் கடையில் உட்கார்ந்து மனைவியின் தீர்ப்புகளைத் தன்னுடையவை போலச் சொல்லி வாதம் பண்ணுவான். மடக்கிக் கேட்டால், டிராமுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவான்.

நவ்ரஸ் சினிமா, மாடி, மூன்று மணிக் காட்சி. இதுதான் இன்ஷிராஹின் இடமும் நேரமும். எங்கள் ஊரில் புதுப் படம் புதன்கிழமை வரும். வியாழன், வெள்ளி, சனியில் கூட்டம் வந்து போய்விடும். திங்கள் மூன்று மணிக்கு டார்ச் அடிக்கிறவரும் அவளும், மழைக்கு ஒதுங்கின யாராவது ஒருத்தரும் இருப்பார்கள். அதுதான் அவளுக்குப் பிடிக்கும். முன்னால் தலை மறைக்காது. யாரும் வறுத்த விதை கொறிக்க மாட்டார்கள். ஒரு வசனம் தப்பாது. தீர்ப்புச் சொல்கிறவளுக்கு அமைதி வேண்டாமா என்பாள்.

அவள் காரணங்களெல்லாம் தொழிலிலிருந்து வரும். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடின ஒரு நட்சத்திரத்தின் படத்தை ஒரு வருடம் மோசமானது என்று அறிவித்தாள். கதாநாயகி இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறாள், தலையில் நேற்றுப் போட்ட சாயம், வகிட்டில் ஒரு விரற்கடை நரைகூட இல்லை. "அவ முடிக்கே அந்தச் சிறைமேல நம்பிக்கை இல்ல. நான் எதுக்கு நம்பணும்?" என்று கேட்டாள். அந்த நட்சத்திரத்தின் புகைப்படத்தை வரவேற்பறையில் மாட்டிவைத்திருந்த உம் ஹுஸ்னி கோபித்துக்கொண்டு கடைக்கு வருவதையே நிறுத்தினாள். மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்ததும் திரும்பி வந்தாள். இன்ஷிராஹ் ஒன்றும் கேட்கவில்லை. தீர்ப்பையும் மாற்றவில்லை. சொன்னதை மாற்றாதவள் என்பதுதான் அவளுக்குப் பேர்.

தவ்ஹீதாவின் புருஷன் ஷௌகி, கல்யாண வீடுகளில் மேடையேறிச் சிரிக்கவைக்கிறவன். பாட்டுக்காரன் தொண்டையை ஆற்றிக்கொள்ளும் இடைவெளியில் ஏறி, மாப்பிள்ளையின் மாமனைக் கிண்டல் செய்து இறங்குவான். பல வருடம் கெய்ரோவுக்கு ரயிலில் போய்ப் போய்க் கதவு தட்டி, கடைசியில் நோன்புப் பெருநாளுக்கு வந்த ‘எட்டாம் நம்பர் மாப்பிள்ளை’ என்கிற சிரிப்புப் படத்தில் ஒரு வேஷம் வாங்கினான். கல்யாணப் பதிவாளரின் உதவியாள். ஒவ்வொரு முறை நிக்காஹுக்கு உட்காரும்போதும் மாப்பிள்ளை ஓடிப்போவான், இவன் பதிவுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பான். சுவரொட்டியில் அவன் முகம் ஒரு காசு அளவில், பதினோராவது தலையாக இருந்தது. தவ்ஹீதா அதைக் கொண்டுவந்து சலூன் கண்ணாடிக்கு மேலே ஒட்டினாள்.

பெருநாள் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், சலூன்காரிகளுக்குப் பிழிந்தெடுக்கும் வேலை. முந்தின நாள் முழுக்க நிற்பார்கள், பெருநாள் மூன்று நாளும் மணப்பெண்கள் வருவார்கள். அது முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை தவ்ஹீதா அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக் கும்பலோடு போய் நிரம்பி வழிந்த கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை இன்ஷிராஹ் வழக்கம்போல மூன்று மணிக் காட்சிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் தவ்ஹீதா கேட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லு, எப்படி இருக்கான்?"

நாங்கள் இரண்டு மூன்று பேர் அங்கே இருந்தோம். அப்புறம் பேசிக்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டிருக்கலாம். இன்ஷிராஹுக்கு அது வராது.

"படம் இந்த வருஷத்துலயே மோசம். ஷௌகி நடுநடுவுல வசனத்த மறந்துட்டு நிக்கிறான், தவ்ஹீதா. ஒண்ணும் பேசாம பென்சில் சீவிக்கிட்டு நிக்கிறான். எனக்கே பாவமா போச்சு."

தவ்ஹீதா சுவரொட்டியைக் கிழிக்கவில்லை, அழவும் இல்லை. தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவே எல்லாப் பேச்சும் எங்கள் வழியாகத்தான் போயிற்று. "அந்தம்மா கிட்ட சின்ன கிளிப்பு இருக்கான்னு கேளு" என்பாள் தவ்ஹீதா, ஒரு கை நீளத்தில் நிற்கிறவளைப் பற்றி. "எடுத்துக்கச் சொல்லு" என்பாள் இவள். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருக்கிறவள் தூது போக வேண்டும். சிலர் இதை ரசித்தார்கள். ஒருத்தி, என் மாமியார் வீட்டிலேயே இதைத்தான் செய்கிறேன், இங்கே வந்தாவது ஓய்வு கிடைக்குமென்று பார்த்தேன் என்று புலம்பினாள்.

டிசம்பரில் செய்தி வந்தது. சீதி பிஷ்ரில் புதிதாகத் திறக்கும் பெரிய சலூன் ஒன்று தவ்ஹீதாவைக் கூப்பிட்டிருந்தது. கடைசி வியாழக்கிழமை அந்தப் படத்தை ஊர் முன்னால் மோசம் என்று அறிவித்தால் மறுநாளே அங்கே போய்விடுவேன் என்று தவ்ஹீதா சொல்லிவிட்டாள். எல்லோரிடமும் சொன்னாள், இன்ஷிராஹைத் தவிர. எல்லோரும் போய் இன்ஷிராஹிடம் சொன்னோம்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். ஒற்றை நாற்காலியில் அந்தக் கடையை நடத்த முடியாது. மணப்பெண் ஒருத்தியைத் தயார் செய்ய இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி முடிக்கு, ஒருத்தி முகத்துக்கு. அதோடு, அவர்கள் இருவரும் ஒரே நாளில் தொழிலுக்கு வந்தவர்கள். ஒருத்தியின் பிரசவத்துக்கு மற்றவள் போய் நின்றவர்கள். இதெல்லாம் இன்ஷிராஹுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மதாம் ஸஃபினாஸ், இந்த ஒரு வருடம் மட்டும் வேறு எதையாவது சொல்லிவிட்டுப் போயேன் என்று மெதுவாகச் சொன்னபோது, மோசத்துக்கு இரண்டாவது இடம் கிடையாது மதாம் என்று முடித்துவிட்டாள்.

அந்தப் பதில் தவ்ஹீதாவின் காதில் விழுந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் இன்ஷிராஹைப் பார்த்து நேராகப் பேசினாள். கத்தவில்லை.

"நீ படம் பாக்கற கொட்டகையில செத்த வீடுகூட இன்னும் கலகலப்பா இருக்கும். பெருநாள் படத்த என்னிக்காவது பெருநாள்ல பாத்திருக்கியா? வாழ்க்கையில ஒரே ஒரு தடவ?"

இன்ஷிராஹ் சீப்பை நிறுத்தினாள்.

பதினாறு வயதிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் அவள் இந்த நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். பெருநாளுக்காகவே எடுத்து, பெருநாள் கூட்டத்துக்காகவே வெளியிடுகிற படங்களையெல்லாம் கூட்டம் கலைந்த பிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவே பார்த்திருக்கிறாள். அவள் மோசம் என்று அறிவித்தவற்றை நாங்கள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தோம். முக்கால்வாசி பெருநாள் சிரிப்புப் படங்கள். எங்களில் யாருக்கும் அது அதுவரை தோன்றியதில்லை. சலூன்காரி திங்கட்கிழமைதானே போக முடியும்?

அவள் மறுபடி வேலையைத் தொடர்ந்தாள். கையிலிருந்த தலைக்கு உரியவள், சாயம் காதில் இறங்குது அக்கா என்று சொல்ல வேண்டியிருந்தது.

கடைசி வியாழக்கிழமை வந்தது. அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டே நாளில் சனிக்கிழமையே வந்ததால், கடையில் கால்வைக்க இடமில்லை. தவ்ஹீதா தன் கத்தரிகளைத் துடைத்து ஒரு பைக்குள் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். இன்ஷிராஹ் டிரையர்களை அணைக்கச் சொன்னாள்.

"இன்னிக்கு இல்ல" என்றாள். "பாக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. பெருநாள் முடிஞ்சு வர்ற வியாழக்கிழமை சொல்றேன்."

சுவரோரம் சலசலத்தது. அறிவிப்பை அவள் தள்ளிப்போட்டது அதுவே முதல் தடவை. பயந்துட்டா என்றார்கள் சிலர். கூட்டாளிக்காக வளைகிறாள் என்றார்கள் மற்றவர்கள். மன்ஷிய்யாவில் இருக்கும் பழைய கொட்டகையான சினிமா பதூரில் பெருநாளுக்கு ‘எட்டாம் நம்பர் மாப்பிள்ளை’யை மறுபடி போடுகிறார்கள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெருநாள் இரண்டாம் நாள் மாலைக் காட்சிக்கு அவள் போகிறாள் என்பதும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அன்று மாலை உம் ஹுஸ்னியின் மகளுக்குக் கல்யாணம். அந்தத் தலை இன்ஷிராஹ் ஒப்புக்கொண்ட தலை.

உம் ஹுஸ்னி கடைக்குள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பெருநாளன்னிக்கு சினிமாவா? உனக்கென்ன பதினஞ்சு வயசா? என் பொண்ணு தலைய யாரு பாப்பா?"

"காலைல பதினோரு மணிக்கு வந்தா நான் பாப்பேன். சாயங்காலம்னா தவ்ஹீதா பாப்பா. என்னவிட நல்லா பாப்பா."

"பதினோரு மணிக்குப் போட்ட கொண்டைய ராத்திரி வரைக்கும் எப்படிம்மா வச்சிருப்பா?"

"சாஞ்சு உக்காராம இருக்கச் சொல்லு. கல்யாணம் ஆனப்புறம் சாயறதுக்கு நேரம் இருக்கு."

பெண் பதினோரு மணிக்கே வந்தாள். கொண்டையோடு போய், மாலை வரை நாற்காலி நுனியில் பள்ளிவாசல் மினாரா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளாம்.

இன்ஷிராஹ் கிளம்பும்போது தவ்ஹீதா வாசல் வரை வந்தாள். போகாதே என்றாள். நீ போனால் நான் அழுது இழுத்துக்கொண்டு போனேன் என்பார்கள், எனக்கு அந்தப் பேர் வேண்டாம் என்றாள். உனக்காகப் போகவில்லை என்று சொல்லிவிட்டு இன்ஷிராஹ் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

புத்தாண்டுப் புயல் அன்று மதியமே கரைக்கு வந்திருந்தது. அலை கடற்கரைச் சாலையைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கடற்கரையில் நடக்க வந்த பெருநாள் கூட்டம் மொத்தமும் ஒதுங்க இடம் தேடி மன்ஷிய்யாக் கொட்டகைகளுக்குள் புகுந்திருந்தது. சினிமா பதூர் வாசலில் வரிசை என்று எதுவும் இல்லை. தோள்கள்தான் இருந்தன. இன்ஷிராஹ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் வழி செய்துகொண்டு உள்ளே போனாள். மாடியில் அவளுக்குக் கிடைத்த இடம், கஃப்ருத் தவ்வாரிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்துக்கும் விடுப்பில் வந்த ஒரு சிப்பாய்க்கும் நடுவே. குடும்பம் அவித்த குர்பானி இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து, மணக்க மணக்கப் பொட்டலமாக எடுத்து வந்திருந்தது. முகம் தெரியாத அவளுக்கும் ஒன்றைக் கையில் திணித்தார்கள். விளக்கு அணைந்த பிறகும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு கைக்குழந்தை மடி மாறி மாறி அவள் மடிக்கும் வந்து போயிற்று.

முதல் கால் மணி நேரம் அவளுக்குத் தலைவலி மட்டும்தான் என்று பின்னால் சொன்னாள். வசனம் கேட்கவில்லை. இவர்கள் படம் பார்க்க வந்தார்களா, சம்பந்தம் பேச வந்தார்களா? எழுந்து போய்விடலாம் என்று இருமுறை நினைத்தாள். பிறகு ஷௌகி வந்தான்.

முதல் மாப்பிள்ளை ஓடிவிட்டான். பெண் வீட்டார் தலையில் கை வைத்து நிற்கிறார்கள். ஷௌகி பதிவுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, மரியாதையாகக் கேட்கிறான்: "மாப்பிள்ளை பேர பென்சில்ல எழுதிக்கட்டுமா?" அதற்குப் பிறகு ஒன்றும் பேசாமல் கூட்டத்தைப் பார்க்கிறான். திங்கட்கிழமை அந்தப் பார்வை இன்ஷிராஹுக்கு அடுத்த வசனம் மறந்தவனின் பார்வையாகத் தெரிந்தது. இப்போது கொட்டகை வெடித்துச் சிரித்தது. சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கியது. அது இறங்கி முடிந்த அதே நொடியில் ஷௌகி வாயைத் திறந்தான். ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை.

கல்யாண மேடையில் நின்று பழகினவன். எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று தெரிந்து அவ்வளவு நேரம் இடம் விட்டிருக்கிறான். அந்த இடத்தில் திங்கட்கிழமை ஒன்றும் இல்லை, அவள் மட்டும் இருந்தாள்.

மூன்றாவது மாப்பிள்ளை ஓடும்போது பென்சிலை மட்டும் எடுத்துக் காட்டினான். ஐந்தாவது ஓடும்போது பென்சிலைச் சீவத் தொடங்கினான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கஃப்ருத் தவ்வார்க் குடும்பம், சிப்பாய், கீழே இருந்த பையன்கள் எல்லோரும் சேர்ந்து திரையைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னார்கள். ஷௌகி சீவுவதை நிறுத்தி, நிமிர்ந்து, ஆமாம் என்பது போலத் தலையை அசைத்தான். பல மாதத்துக்கு முன்னால் கெய்ரோவில் ஏதோ ஓர் அரங்கில் அசைத்த தலை. இன்ஷிராஹ் தன் வாயிலிருந்தும் அந்த வசனம் வந்துவிட்டதைக் கவனித்தாள். பிறகு மூச்சு முட்டச் சிரித்தாள். பக்கத்து அம்மாள் முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

படத்தின் கடைசி அரை மணி நேரம் அப்போதும் சொதப்பல்தான். வெளிநாட்டுப் பாட்டு ஒன்று, காரணமில்லாத அழுகை ஒன்று. அங்கே கூட்டமும் எழுந்து விதை வாங்கப் போயிற்று. அதையும் அவள் பார்த்தாள்.

பெருநாள் முடிந்த வியாழக்கிழமை சந்து வரை பெண்கள் நின்றார்கள். டிரையர்களை அணைக்குமுன் தவ்ஹீதா இன்ஷிராஹைச் சாய அறைக்குள் இழுத்துப் போனாள். கதவு என்று அங்கே இருப்பது ஒரு திரைச்சீலைதான், அதனால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"நீ சிரிச்சேன்னு கேள்விப்பட்டேன். உன் பக்கத்துல இருந்த சிப்பாய் நம்ம கடைக்கு வர்ற ரவ்யாவோட தம்பி."

"ஆமா, சிரிச்சேன்."

"அப்படின்னா இத நல்லா கேளு. மோசம்னு சொன்னத மாத்தாத. மாத்தினா தவ்ஹீதா கடைய விட்டுப் போறேன்னு மிரட்டி வாங்கினான்னுதான் ஊரு பேசும். ஷௌகி நடிச்சது ஒண்ணுமில்லாம போயிடும். அவன் பொண்டாட்டி மிரட்டுனதுதான் நிக்கும். மோசம்னே சொல்லு. நான் சீதி பிஷ்ர் போறேன், மரியாதையா போறேன்."

"போறதும் இருக்கறதும் உன் இஷ்டம். உன்ன நிறுத்தறதுக்காக நான் தீர்ப்பு சொல்லல. போகச் சொல்றதுக்காகவும் சொல்ல மாட்டேன்."

"உன் பேரும் போயிடும், இன்ஷிராஹ். சொன்னத மாத்தாதவங்கற பேரு."

"அது போனா போகட்டும்."

வெளியே வந்து சீப்பை எடுத்துக்கொண்டாள். டிரையர்கள் நின்றன.

மிக நல்ல படம் ‘உப்பளத்துக்குப் போகும் டாக்ஸி’ என்றாள். மக்ஸ் பக்கத்து உப்பளங்களுக்கு ஒரு கிழவியைத் தினமும் ஏற்றிப் போகும் டாக்ஸிக்காரனின் கதை. கிழவியின் முடியில் காலையில் இல்லாத உப்பு மாலையில் இருந்தது, அதைப் பற்றிப் படத்தில் யாருமே பேசவில்லை, அதனாலேயே அது நல்ல படம் என்றாள். அதை யாரும் சரியாகக் கேட்கவில்லை.

"‘எட்டாம் நம்பர் மாப்பிள்ளை’ மோசம்னு நோன்புப் பெருநாள் முடிஞ்சதிலேர்ந்து சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அடுத்து. "அது தப்பு. படம் பெருசா நல்ல படம் இல்ல. கடைசி அரை மணி நேரத்த வெட்டிக் கடல்ல போடலாம். ஆனா மோசம் இல்ல. ஷௌகி வசனத்த மறக்கல. சிரிக்கறவங்களுக்காக நின்னான். நான் பாத்தப்ப சிரிக்க ஆள் இல்ல. ஆள் இல்லாத கொட்டகையில உக்காந்து பாத்துட்டு, குறைய அவன் தலையில போட்டேன்."

முதலில் உம் ஹுஸ்னிதான் வாயைத் திறந்தாள். எதிர்பார்த்ததுதான் என்றாள். கூட்டாளிக்காக மாத்திட்டா, பாவம், கடை நடக்கணுமே என்று பக்கத்தில் இருந்தவளிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பலர் தலையாட்டினார்கள். தவ்ஹீதா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், காது சிவந்திருந்தது.

மதாம் ஸஃபினாஸ் ஆசிரியைக்கே உரிய கேள்வியைக் கேட்டாள். அப்படியானால் இதற்கு முன் நீ மோசம் என்று சொன்ன பெருநாள் படங்கள்? உன் பேச்சைக் கேட்டு நாங்கள் பார்க்காமல் விட்டவை?

இன்ஷிராஹ் இந்தக் கேள்விக்குத் தயாராகவே வந்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அதெல்லாமும் செல்லாது" என்றாள். "பெருநாள் படம் எதப்பத்தியும் நான் இதுவரைக்கும் சொன்ன எதையும் நம்பாதீங்க. நல்லதுன்னு சொன்னதையும் சேர்த்துத்தான்."

கூட்டாளியைத் தக்கவைக்க ஒரு படத்தை மாற்றலாம். அதற்காக இருபத்தைந்து வருடத் தீர்ப்புகளை யாரும் தூக்கிக் குப்பையில் போடமாட்டார்கள். உம் ஹுஸ்னிக்கே அது புரிந்தது. அவள் முகத்தில் கோபம் வேறு பக்கம் திரும்புவதைப் பார்த்தோம்.

"அப்போ என் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிறவர் படம்? சிறைக்குப் போன பொண்ணு படம்? அதுவும் பெருநாளுக்கு வந்ததுதானே?"

"அது கூட்டத்துலயும் மோசமாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. ஆனா தெரியாது. அதனால அதுவும் செல்லாது."

உம் ஹுஸ்னி வெற்றி பெற்றவள்போல முக்காட்டைச் சரிசெய்தாள். ஆனால் அவளும் மோசமானது எது என்று கேட்காமல் நகரவில்லை. அதற்காகத்தானே எல்லோரும் நின்றோம்?

‘கண்ணாடிக்குள் ஒரு குளிர்காலம்’ என்றாள் இன்ஷிராஹ். வெளிநாட்டில் பரிசு வாங்கின படம். மதாம் ஸஃபினாஸ் பள்ளி ஆசிரியைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, கண்ணீர் விட்டதாகச் சொன்ன படம். மதாம் நாற்காலியில் நேராக நிமிர்ந்தாள். அதில் கதாநாயகி பேசாமல் நிற்கும் இடங்கள் எத்தனை, ஷௌகி நின்றால் சரி, அவள் நின்றால் தப்பா என்று கேட்டாள்.

"ஷௌகி எங்களுக்காக நிக்கிறான், மதாம். அவ தன்ன பாத்துக்கறதுக்காக நிக்கிறா. காலி கொட்டகைல பாத்தாலும் நிறைஞ்ச கொட்டகைல பாத்தாலும் அவளுக்கு ஒண்ணுதான். நாம வந்ததே அவளுக்குத் தெரியாது."

"இதுவும் திங்கட்கிழமைத் தீர்ப்புதானே?"

"இல்ல. நேத்து மறுபடி போனேன், புதன்கிழமை ராத்திரிக் கூட்டத்துல. பின்னாடி வரிசைல ஒருத்தர் தூங்கினார். அப்துல் மவ்ஜூத் இல்ல, வேற யாரோ."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை அவள் பேசாமல் நின்றாள். அப்புறம் சொன்னாள்:

"இனிமே பெருநாள் படத்த நான் பெருநாள்லதான் பாப்பேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் என் நாற்காலி காலியா இருக்கும். அன்னிக்குக் கல்யாணம் வச்சிருக்கறவங்க இப்பவே வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க."

இது எங்களுக்குத் தீர்ப்பைவிடப் பெரிய இடி. பெருநாள் இரண்டாம் நாள் மாலையில்தான் அன்ஃபூஷியில் பாதிக் கல்யாணங்கள் நடக்கும். ஒரே சமயத்தில் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு இப்போதே தேதி குறித்திருந்த ஒருத்தி, என் மகள் தலைக்கு யார் பதில் சொல்வது என்று தவ்ஹீதாவைப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் தவ்ஹீதாவைப் பார்த்தார்கள். கத்தரிகள் இருந்த பை அவள் நாற்காலிக்குக் கீழேயே இருந்தது.

இன்ஷிராஹ் அவளைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியில் இருந்தவளின் தலையைக் குனியவைத்து, கழுத்து முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். டிரையரைப் போடுங்க என்றுகூடச் சொன்னாள்.

தவ்ஹீதா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய்த் தொலைபேசியை எடுத்தாள். டிரையர் இரைச்சலில் அந்தப் பக்கம் கேட்காதோ என்று குரலை உயர்த்தியே பேசினாள், அதனால் சந்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"சீதி பிஷ்ர் சலூனா? நான் அன்ஃபூஷி தவ்ஹீதா. நாளைக்கு வர முடியாதுங்க. அடுத்த வாரமும் முடியாது. இல்லங்க, சம்பளம் காரணம் இல்ல. இங்க என்னோட இருக்கறவளுக்குப் பெருநாளானா சினிமாவுக்குப் போகணுமாம். பொண்ணுங்க தலைய யாராவது பாக்கணும் இல்ல?"